தண்ணீர் எங்கே போகிறது?

உங்களில் வாகனம் வைத்திருப்போர் ஒருமுறை எழுந்துபோய் உங்கள் காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள். அங்கே ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று இருக்கிறதா? "ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்" என்று அதை வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. ஏனெனில் அப்படிப்பட்ட ஒரு கேனை நான் இரண்டு ஆண்டுகள் சுமந்து திரிந்தேன். அது என் குடும்பத்தின் பிழைப்பை ஏறக்குறைய முடக்கிவிட்டது. அதைவிட வேதனையான காரியம், ஒரு நல்ல வாலிபனுடைய பெயரை என் வாயாலேயே கெடுத்துப்போட்டேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவன். தாராவியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்து, கம்பெனி வண்டி ஓட்டி, 2014ஆம் ஆண்டில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு டீசல் கார் எடுத்தேன். மும்பை விமான நிலையத்திலிருந்து புனேவுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதுதான் என் பிரதான தொழில். மாதத் தவணை 9,400 ரூபாய். பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, ஊரிலிருக்கும் அம்மாவின் மருந்துச் செலவு யாவும் அந்த நான்கு சக்கரங்களின்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கடன் முடிய ஐந்து தவணைகளே மீதியிருந்த வேளையில்தான் இந்தச் சோதனை வந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப் ஒன்று தளர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. நாற்பது ரூபாய் கிளிப். மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாரத்திற்கு ஒருமுறை கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறப்பேன். குறைந்திருக்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவேன். எங்கே பெட்ரோல் பங்க் கண்டேனோ அங்கே கேனை நிரப்பிக்கொள்வேன். தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஜூலை மாதத்து மழையில் ஒருநாள் கண்டாலா மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, வெப்பத்தைக் காட்டும் முள் சற்று மேலே நகர்ந்தது. மேலே போய் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறும்வரை காத்திருந்து டப்பாவைத் திறந்தேன். (சூடாக இருக்கும்போது அந்த மூடியை ஒருக்காலும் திறவாதிருங்கள். உள்ளே பிரஷர் குக்கரைப்போல அழுத்தம் இருக்கும். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.) வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குறைந்திருந்தது. டப்பாவின் உட்புறத்தில் பழுப்பு நிறமாய் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினேன். அளவு குறையவில்லை என்று கண்டு ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உற்றுப் பார்த்தேன். ஆயில் குறையாதது மட்டுமல்ல, மேற்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. நிறமோ கறுப்பாக இல்லை. பால் அதிகம் சேர்த்த காப்பியைப்போல் இருந்தது.

பிரியமானவர்களே, ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று நம்மில் அநேகர் நினைக்கிறோம். ஊற்றாமலே ஆயில் கூடியிருந்தால் அதற்காகவும் பயப்பட வேண்டும். டீசல் கலந்தாலும் அளவு கூடும். ஆனால் அப்போது ஆயில் கறுப்பாகவே இருந்து, தண்ணீராய் இளகி, டீசல் வாடை அடிக்கும். காப்பி நிறமோ மோர் நிறமோ கண்டால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

அன்று பயணிகளைப் புனேயில் இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டித் திரும்பினேன். அதுவே முதல் தவறு. அந்த நிலையில் வண்டியை ஓட்டியிருக்கவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில், என் சொந்த மாவட்டத்தைச் சேர்ந்த வாலிபன் ஒருவன் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். என்னை "அண்ணாச்சி" என்றுதான் அழைப்பான். அவன் ஆயிலைத் தொட்டுப் பார்த்தவுடன், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் அண்ணாச்சி" என்றான். அவன் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. பத்து வண்டிகளில் இந்த அடையாளத்தைக் கண்டால், பெரும்பாலான மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவது கேஸ்கட்டைத்தான்.

இதைச் சற்று விளக்குகிறேன். என்ஜினுக்குள் தண்ணீர் ஒரு பாதையிலும் எண்ணெய் ஒரு பாதையிலும் அருகருகே ஓடுகின்றன. எண்ணெய் உராய்வைத் தடுக்கிறது. தண்ணீர் வெப்பத்தைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவிடுகிறது. என்ஜினின் கீழ்ப்பகுதியாகிய பிளாக்குக்கும் மேற்பகுதியாகிய ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு உண்டு. அதுவே ஹெட் கேஸ்கட். ஒரே தகடு எரிவாயுவையும் தண்ணீரையும் எண்ணெயையும் அதனதன் எல்லைக்குள் காத்து நிற்கிறது. என்ஜின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அலுமினிய ஹெட் வளைந்து, அந்தத் தகடு எங்காவது வழிவிட்டுவிடும். அப்போது தண்ணீரும் எண்ணெயும் கலக்கும். ஆனால் அவை சந்திக்கக்கூடிய இடம் அது ஒன்றுதானா? அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் இருவரும் கேட்காமல் விட்டோம்.

ஹெட்டைக் கழற்றினான். நேர்கோல் வைத்து, மெல்லிய ஃபீலர் தகட்டை அதன் அடியில் நுழைத்துப் பார்த்தான். ஹெட் வளையவில்லை, சமமாகவே இருந்தது. பிறகு பழைய கேஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அண்ணாச்சி, இதிலே தீ பாய்ந்த தடம் ஒன்றுமே தெரியவில்லை. எனக்குத் திருப்தியாக இல்லை. நாளை ஒருநாள் விட்டீர்களானால் வேறு இடத்தையும் பார்த்துவிடுகிறேன்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளை மறுநாள் காலை ஐந்து மணிக்குப் புனே டிரிப் இருக்கிறது தம்பி. தவணைத் தேதியும் வருகிறது. புதுக் கேஸ்கட் போட்டு மூடு, பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவன் தயங்கினான். நான் மறுபடியும் அவசரப்படுத்தினேன். புதிய கேஸ்கட்டையும் புதிய ஹெட் போல்ட்டுகளையும் வாங்கி, நடுவிலிருந்து வெளிப்புறமாக முறைப்படி இறுக்கி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சொன்ன நேரத்திற்கு வண்டியைக் கொடுத்தான். 19,500 ரூபாய் ஆயிற்று. பழைய கேஸ்கட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தான். நான் அதை டிக்கியில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டேன்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒருநாள் காலை டிப் ஸ்டிக்கை உருவினேன். மறுபடியும் அதே காப்பி நிறம்.

என் இருதயம் கொதித்தது. நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே நான்கைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவிலே, அந்தப் பிள்ளையை ஏமாற்றுக்காரன் என்றேன். பழைய கேஸ்கட்டையே கழுவிப் போட்டாயா என்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, வண்டியை விட்டுப் போங்கள், பார்க்கிறேன்" என்று மாத்திரம் சொன்னான். நான் விடவில்லை. அந்த வாரம் முழுவதும் விமான நிலையத்து ஸ்டாண்டில் காண்கிறவர்களிடமெல்லாம், "அவனிடம் வண்டி விடாதே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நம் ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்த இடத்தில், நம்முடைய பிள்ளை ஒருவன் கட்டியெழுப்பிய சிறிய நம்பிக்கையை நானே இடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை.

பின்பு ஒருவர் சொல்ல, குர்லாவில் ஒரு முதியவரிடம் போனேன். எல்லாரும் அவரை "உஸ்தாத்" என்று அழைத்தார்கள். அவர் பேசியது இந்தியில். நான் தமிழில் எழுதுகிறேன். என் கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் பாய். இன்று ராத்திரி வண்டி அசையாமல் நிற்கட்டும். காலையில் வாருங்கள்" என்றார்.

காலையில் போனேன். என்ஜினின் அடியிலுள்ள ஆயில் சேம்பரின் நட்டை அவர் முழுவதும் கழற்றாமல், இரண்டு திருகல் மாத்திரம் தளர்த்தினார். முதலில் வந்தது எண்ணெய் அல்ல. பச்சை கலந்த தண்ணீர், ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு வடிந்தது. அதற்குப் பிறகுதான் ஆயில் இறங்கியது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. ராத்திரி முழுவதும் அசையாமல் நின்றால், எண்ணெயோடு குழம்பிப்போகாத தண்ணீர் அடியிலே இறங்கி நிற்கும்.

அதைப் பார்த்தவுடனே என் கண்முன் அப்பா வந்து நின்றார். எங்கள் கிணற்றில் ஒரு பழைய டீசல் என்ஜின் இருந்தது. மழைக்காலத்தில் அப்பா ஒவ்வொரு காலையிலும் அதைச் சுற்றிவிடுமுன், அடி நட்டைச் சற்றே திருகி, விரலில் ஒரு சொட்டை ஏந்தி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். ஆனாலும் பார்க்காமல் என்ஜினை ஓட்டமாட்டார். நானோ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவன். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

உஸ்தாத் அடுத்தடுத்துச் செய்த சோதனைகளைக் கவனமாய்க் கேளுங்கள், உங்களுக்குப் பயன்படும். முதலாவது, குளிர்ந்த என்ஜினில் கூலன்ட் டப்பாவின் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, பதினைந்து பவுண்டு காற்று ஏற்றி, அப்படியே விட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் முள் இறங்கியது. குழாய்களின் இணைப்பையெல்லாம் அன்றைக்குத்தான் இறுக்கியிருந்தார். வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆகவே தண்ணீர் உள்ளேதான் போகிறது என்பது உறுதியாயிற்று.

இரண்டாவது, அந்த அழுத்தத்தோடே சிலிண்டர்களின் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார். எந்தத் துளையிலிருந்தும் தண்ணீர் தெறிக்கவில்லை. சிலிண்டர்கள் உலர்ந்திருந்தன. மூன்றாவது, எல்லாவற்றையும் பூட்டி, வண்டியை ஓடவிட்டு, டப்பாவின் வாயில் நீல நிறத் திரவம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். எரிவாயு தண்ணீருக்குள் கசிந்தால் அந்தத் திரவம் நிறம் மாறிவிடும். அது மாறவில்லை. டப்பாவில் குமிழியும் வரவில்லை. சைலன்சரில் வெண்புகையும் இல்லை. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒரே சீராக இருந்தது.

அப்பொழுது அவர், "முதல் தடவை கழற்றிய கேஸ்கட் எங்கே?" என்று கேட்டார். டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செய்தித்தாளைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்ல கேஸ்கட். இதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கழற்றிய பையன் கெட்டிக்காரனாக இருந்தால் இதைக் கண்டிருப்பானே. உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா?"

சகோதரரே, அந்தக் கேள்விக்கு முன்னால் நான் நின்ற நிலையை என்னவென்று எழுதுவேன்! அவன் சொன்னான். ஒருநாள் கேட்டான். நான்தான் கொடுக்கவில்லை. கழுவிப் போட்டாயா என்று நான் கேட்ட அந்தப் பழைய கேஸ்கட் என் டிக்கியிலேயே மூன்று வாரங்களாகக் கிடந்திருக்கிறது. "சொன்னான் உஸ்தாத், நான்தான் மூடச் சொன்னேன்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் உள்ளங்கையளவு ஒரு அலுமினியப் பெட்டியைக் கழற்றினார். அதுதான் ஆயில் கூலர். பல டீசல் கார்களில் இது உண்டு. மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்திருக்கும். ஓர் அடுக்கில் எண்ணெய், அடுத்த அடுக்கில் தண்ணீர். எண்ணெயின் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீரும் எண்ணெயும் ஒரு மெல்லிய தகட்டின் இருபுறத்திலும் நெருங்கி ஓடுகிற இன்னொரு இடம் அது. அதன் எண்ணெய் வழியில் ஒரு துளையை அடைத்து, மறுதுளையில் காற்றுக்குழாயைப் பொருத்தி, சுடுநீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தினார். குளிர்ந்த தகட்டில் மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு, சூட்டில் விரிந்து காட்டிக்கொடுக்குமாம். சற்று நேரத்தில், தண்ணீர் போகும் துளையிலிருந்து முத்து முத்தாய்க் குமிழிகள் ஏறி வந்தன. இரண்டு மாதம் நான் தேடிய திருடன் அந்த வாளிக்குள் இருந்தான்.

"வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம். அப்போது எண்ணெய் தண்ணீருக்குள் போகும். அதனால்தான் டப்பாவில் பிசுக்கு. நீங்கள் சாவியை அணைத்தவுடன் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிடும். சூடான தண்ணீரின் அழுத்தமோ இன்னும் நெடுநேரம் நிற்கும். அப்போது தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கும். நீங்கள் வீட்டில் தூங்கும்போதுதான் பாய், வண்டி கெட்டுப்போயிருக்கிறது" என்றார்.

"இது ஏன் ஓட்டையாயிற்று?" என்று கேட்டேன். அவர் டிக்கியிலிருந்த கேனைச் சுட்டிக்காட்டினார்.

கூலன்ட் என்பது வெறும் நிறம் கலந்த தண்ணீர் அல்ல, அன்பர்களே. எதிலின் கிளைக்கால் என்னும் பொருளோடு, உலோகம் அரிக்காதபடி காக்கும் மருந்துகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் அதையும் சுத்திகரித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவார்கள். ஆனாலும் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வகையையும் அளவையுமே பின்பற்றுங்கள். நான் இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் ஊற்றிய குழாய்த் தண்ணீரால் அந்த மருந்து நீர்த்துப்போயிற்று. தண்ணீரிலிருந்த உப்பு தகடுகளில் படிந்தது. அலுமினியம் உள்ளிருந்தே அரித்துப்போயிற்று. நாற்பது ரூபாய் கிளிப்பில் தொடங்கிய காரியம் அங்கே வந்து முடிந்தது. கேஸ்கட்டை மாற்றியதால் அது குணமாகுமா? நோய் ஓரிடத்தில் இருக்க, கட்டு வேறோரிடத்தில் போட்டோம்.

இனி, தண்ணீர் கலந்த ஆயிலோடு ஏன் ஓட்டக்கூடாது என்பதைச் சொல்கிறேன். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று, உலோகமும் உலோகமும் தொடாமல் காக்கிறது. தண்ணீர் கலந்த எண்ணெயில் அந்தப் படலம் நிலைநிற்பதில்லை. கிளைக்கால் சூட்டில் எண்ணெயோடு சேர்ந்து பிசின்போல் உறைந்து, சிறு துளைகளை அடைத்துவிடும். பேரிங்கின் மேற்பூச்சையும் அரிக்கும். உஸ்தாத் சேம்பரை இறக்கி, ஒரு கனெக்டிங் ராடின் மூடியைக் கழற்றிக் காட்டினார். வெள்ளியைப்போல் பளபளக்க வேண்டிய பேரிங் ஓடு, ஆங்காங்கே மங்கி, கோடு விழுந்திருந்தது. "தண்டு தப்பித்தது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் தண்டும் போயிருக்கும்" என்றார். அவசரப்பட்டு ஓட்டிய அந்த மூன்று வாரத்து வருமானத்தை அந்தப் பேரிங்குகளுக்கே கொடுத்தேன்.

புதிய ஆயில் கூலரும், புதிய சீல்களும், பேரிங்குகளும் போடப்பட்டன. அதைவிட அதிக நேரம் எடுத்தது சுத்தம் செய்யும் வேலை. தண்ணீர்ப் பாதையில் ஏறிய எண்ணெய் இலகுவில் போகாது. பிசுக்கை நீக்கும் மருந்து கலந்த வெந்நீரை ஓடவிட்டு வடிப்பதும், மறுபடியும் ஓடவிட்டு வடிப்பதுமாக, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஐந்துமுறை செய்தார். எண்ணெயில் ஊறி உப்பிப்போன ரப்பர் குழாய்களையும் மாற்றினார். ஆயில் பக்கத்தில், மலிவான புதிய ஆயிலை ஊற்றி, வேகங்கூட்டாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு வடித்தார். இரண்டாம் முறையும் அப்படியே செய்தார். அதன்பின்னரே நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டார். "ஐந்நூறு கிலோமீட்டரில் கொண்டுவாருங்கள், இன்னொருமுறை மாற்ற வேண்டும்" என்றார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்று யாரோ சொன்னதை அவரிடம் கேட்டேன். "என்ஜினுக்குக் குளிரும் வியாதிதான் பாய். ஏற்ற சூட்டில் அதை நிறுத்துவதற்கே அதை வைத்திருக்கிறார்கள்" என்று பழையதைச் சோதித்து மறுபடியும் பொருத்தினார்.

வண்டி பதினொரு நாட்கள் நின்றது. 24,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. என் மனைவி தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். "முதலிலேயே ஒருநாள் விட்டிருக்கலாமே" என்று ஒருமுறை சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், நேரே தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அன்றும் இரண்டு மூன்று டிரைவர்கள் அங்கே நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று மனம் சொல்லிற்று. ஆனால் நான் அவனை அவமானப்படுத்தியது தனியிடத்தில் அல்லவே. ஆகையால் எல்லாருக்கும் கேட்கும்படி, "தம்பி, தவறு உன்னுடையதல்ல. கேஸ்கட்டில் குற்றமில்லை என்று நீ அன்றைக்கே சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. உன்னைப்பற்றி நான் பேசியதெல்லாம் பொய். மன்னித்துக்கொள்" என்றேன். வார்த்தைகள் தொண்டையில் சிக்கின.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு, "நானும் மூடியிருக்கக்கூடாது அண்ணாச்சி. சந்தேகம் வந்த பிறகு மூடினது என் தப்புதான். அந்தக் கூலரை எப்படிச் சோதித்தார் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றான். வாளியையும் சுடுநீரையும் பற்றிச் சொன்னேன். கூர்ந்து கேட்டுக்கொண்டான். ஸ்டாண்டிலும் போய், நான் முன்பு தவறாய்ச் சொன்ன ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவனைப்பற்றிய கெட்ட சொல் ஒருநாளில் பரவிவிடுகிறது. அதைத் திரும்பப் பொறுக்கிச் சேர்க்கவோ பல மாதங்கள் ஆயின. ஐந்நூறாம் கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது தம்பிதான். வடித்த ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினான். தெளிவாக இருந்தது.

அன்பானவர்களே, இன்று நான் ஓட்டுவது சிஎன்ஜி கார். ஆனாலும் எண்ணெயும் தண்ணீரும் அருகருகே ஓடுகிற எந்த என்ஜினுக்கும் இந்தக் காரியங்கள் பொருந்தும். வாரம் ஒருமுறை, என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், கூலன்ட் அளவையும் ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தால், ஊற்றுமுன் எங்கே போயிற்று என்று தேடுங்கள். ஆயில் மூடியின் அடியில் மாத்திரம் வெண்ணெய்போல் சிறிது படிந்திருந்தால் உடனே கலங்காதிருங்கள். தில்லி போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில் ஈரக்காற்று குளிர்ந்தும் அப்படிப் படிவதுண்டு. கூலன்ட் குறையாமலும் டிப் ஸ்டிக் தெளிவாகவும் இருந்தால், ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். டிப் ஸ்டிக்கிலேயே காப்பி நிறம் கண்டாலோ, வண்டியை அங்கேயே நிறுத்திக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். என்ஜினைப் பிரிக்குமுன், அழுத்தம் ஏற்றிப் பார்த்தீர்களா, சிலிண்டரைப் பார்த்தீர்களா, ஆயில் கூலரைப் பார்த்தீர்களா என்று மரியாதையோடு கேளுங்கள். மெக்கானிக் ஒருநாள் கேட்டால் அந்த ஒருநாளைக் கொடுங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளுள்ள வீடுகளுக்கு. கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிப்பாயிருக்கும். ஆனால் கொடிய விஷம். அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதிருங்கள். வடித்ததைத் தெருவோரத்தில் ஊற்றாதிருங்கள். நாய்களும் குடித்துச் சாகும்.

என் டிக்கியில் இப்போது தண்ணீர்க் கேன் இல்லை. அந்த இடத்தில் ஒரு டார்ச் விளக்கும், கூலன்ட் பாட்டில் ஒன்றும், ஊற்றிய தேதியும் அளவும் எழுதும் ஒரு சிறு நோட்டும் இருக்கின்றன. செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பழைய கேஸ்கட்டும் இருக்கிறது. அதை மட்டும் எறிய எனக்கு மனம் வரவில்லை.